நீளம் மாறும் விலைக்கோலங்கள்

பங்குவிலைப் படத்தில், ஒருநாளின் அதியுயர் விலையையும் அதிகுறைந்த விலையையும் இணைக்கும் நிலைக்குத்துக் கோடே விலைக்கோடாகும். பெருங்கோடொன்றின் எல்லைக்குள் அடுத்துவரும் சிறுகோடுகள் அடங்கிக் கிடத்தல் ஒரு கோலம். அவை இரண்டாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். ஆதலின் எண்ணிக்கையை முன்னரே வரையறுத்துக் கணினி நிரல் எழுதுதல் பொருந்தாது.

பெருங்கோட்டின் இரு எல்லைகளையும் நினைவிற் பதித்து, பின்வருங் கோடு ஒவ்வொன்றையும் அவற்றுடனேயே ஒப்பிடல் வேண்டும். பெருங்கோடு 100 முதல் 110 வரை எனக் கொள்வோம். அடுத்து 103–107, பின்னர் 102–108 எனக் கோடுகள் வரின், பின்னது முன்னதை மீறினும் பெருங்கோட்டினுள் அடங்கியதே. அடங்குந்தோறும் எண்ணியில் ஒன்று கூட்டுக; எல்லை மீறப்படின் கோலம் முடிந்தது.

அம்முடிவு, மீறிய பின்னரே தெரியும். பழைய விலைகளிற் சோதிக்குங்கால், நாளைய கோட்டை இன்றே நிரல் காணுமாயின், ஏட்டில் இலாபம் தோன்றும். சந்தையில் நட்டமே எஞ்சும்.