புத்தகத்தைத் திறந்து எழுதிய பரீட்சை

(தொடர் கட்டுரை – 7)

1970-களின் நடுவே, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் சில கிராமத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு அறிவியல் பரீட்சைக்குப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தார்கள். புரட்டிப் பார்த்து எழுதத் தடையில்லை. பிட் அடிக்க என்ன இருக்கிறது? ஒப்பிக்கிற மாதிரியான கேள்வியே வினாத்தாளில் கிடையாது. கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு.

இந்தப் பரீட்சை ஒரு அறிவியல் கல்வித் திட்டத்தின் பகுதி. அதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. மூலக்கூறு உயிரியலில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய அனில் சத்கோபால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்து கிராமத்தில் நிறுவிய அமைப்பு கிஷோர் பாரதி. அதுவும் ரசூலியாவிலிருந்த ஒரு கிராம மையமும் சேர்ந்து 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இறங்கின. பாடநூலை மாற்றிக்கொள்ளவும் பரீட்சையை மாற்றிக்கொள்ளவும் மாநில அரசு அனுமதித்தது. இரண்டாவது அனுமதிதான் அபூர்வம். புத்தகத்தை மாற்ற எல்லா அரசுகளும் சம்மதிக்கும். பரீட்சையில் கைவைக்கத்தான் விடாது.

அவர்கள் உருவாக்கிய ‘பால வைஞானிக்’ புத்தகத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற பாகப்பிரிவினை இல்லை. மண் பரிசோதனை முடிந்தால் மின்சாரம் வரும். காசைச் சுண்டிப்போட்டு நிகழ்தகவு படிப்பதும் அறிவியல் பாடம்தான். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். ஒரே பொருளை அளந்து ஆளுக்கொரு விடை வந்தால், யார் தப்பு என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஏன் வேறுபட்டது என்பதே அன்றைய பாடம். சந்தேகமிருந்தால் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரும்.

டெல்கோ நிறுவனத்தில் விடுப்புப் போட்டுவிட்டு 1978-ல் அங்கே வந்த பொறியாளர் அர்விந்த் குப்தா, சைக்கிள் கடை வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கினார். இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. நடுவில் ஒரு ஓட்டை குத்தி இன்னொரு குச்சியைச் செருகினால் மூன்று முனை மூட்டு. ஓட்டை குத்தக் கருவேல முள் போதும். அப்படிச் செய்த சதுரத்தைத் தொட்டால் சாய்கிறது, முக்கோணம் அசையவில்லை. கூரைச் சட்டங்களில் முக்கோணம் ஏன் இருக்கிறது என்பது விரலுக்கே புரிந்துவிடும்.

ஆனால் திட்டத்தின் முதுகெலும்பு ஆசிரியர்கள். அறிவியலே படிக்காதவர்கள் அவர்களில் பலர். கோடை விடுமுறையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் அவர்களோடு உட்கார்ந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் எந்தச் சோதனை சொதப்பியது என்று ஆசிரியர்கள் சொல்ல, பாடம் திருத்தப்பட்டது. பாடநூல் எழுதியவரை அதை நடத்துகிற வாத்தியார் கேள்வி கேட்க முடிகிற இடம் நம் நாட்டில் எத்தனை உண்டு?

1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. 1982-ல் பிறந்த ஏகலைவ்யா அமைப்பு பொறுப்பேற்று, வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. 2002-ல் மாநில அரசு திட்டத்தை இழுத்து மூடியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைகிறது என்பது மாவட்ட அரசியல்வாதிகளின் புகார். ஏகலைவ்யா அதை மறுத்தது. விஞ்ஞானிகள் பலர் வேண்டிக்கொண்டும் பலனில்லை.

என் வாசிப்பில், கோளாறு எட்டாம் வகுப்புக்கு மேலே இருந்தது. மூன்று வருடம் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாடக் கிணற்றிலேயே விழுந்தது. உயர்நிலைப் பரீட்சையைத் தொடாமல் நடுநிலையை மட்டும் மாற்றியதன் பழி, மாற்றியவர்கள் தலையில் விழுந்தது.

அர்விந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சி மாதிரிகளை அறிவியல் கண்காட்சிகளில் நாமும் ரசிக்கிறோம். அந்த வினாத்தாளை மட்டும் எந்தக் கல்வித்துறையும் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை.

(தொடரும்)