மீன்தொட்டியும் மின்னிணைப்பும்

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் மேலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினதே. வெப்பவலய மீன்களுக்கோ 25 பாகையளவு வேண்டும். ஆதலின் அங்குத் தொட்டிக்கு வெப்பமூட்டியும் அதனை ஆளும் கட்டுப்பாட்டுக் கருவியும் இன்றியமையாதன.

கருவி ஈரம் படாத அடுத்த அறையில் இருத்தல் நன்று. ஆயின், வெப்பமானியின் மெல்லிய கம்பியும் 230 வோல்ற்று மின்கம்பியும் ஒரே குழாயிற் செல்லலாகாது. காப்புறை சிதையின் உயரழுத்த மின் தொட்டிநீரை எட்டும். வெப்பமானிக் கம்பி அறுந்தால் வெப்பமூட்டி தானே அணையுமாறும் அமைத்தல் வேண்டும். அன்றேல் நீர் மிகையாய்ச் சூடேறி மீன்கள் மடியும்.

தொட்டியிலிருந்து வரும் கம்பி செருகுமிடத்துக்குக் கீழே தாழ்ந்து பின் மேலேறுக. வழியும் நீர் அத்தாழ்விலேயே சொட்டிவிடும். இவற்றோடு நிலத்தொடுப்பும், 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னை நிறுத்தும் ‘ட்றிப் சுவிச்’சும் அமையுமாயின், நீரிற் கையிடுவோர் உயிருக்கும் காவல் உண்டாம்.