அழுகை இயல்பு குறித்த ஆங்கில அடைச்சொற்கள் நான்கு

ஆங்கிலத்தில் அழும் இயல்பைக் குறிக்கும் அடைச்சொற்களுள் டியர்ஃபுல், வீப்பி, லாக்ரிமோஸ், மாட்லின் என்னும் நான்கையும் 'கண்ணீர் மல்கிய' என்ற ஒரே தொடரால் பெயர்த்தமைவோர் உளர். இவை கண்ணீரின் அளவால் வேறுபடுவன அல்ல. அழுவாரைப் பற்றிச் சொல்வார் கொண்ட மதிப்பீட்டால் வேறுபடுவன என்பதே எம் கருத்து.

டியர்ஃபுல் பழிப்பற்ற சொல். மகனை வழியனுப்பும் தாயையும் அவ்வழியனுப்புதலையும் அது இரக்கம் குன்றாது சுட்டும். வீப்பி பேச்சுவழக்கினது, களைப்பாலோ நோயாலோ சிறு காரணத்திற்கும் அழுகை முட்டும் நிலை அதன் பொருள். அதன் அடியாகிய வீப் என்பது பண்டைய ஆங்கிலத்தில் வாய்விட்டுப் புலம்புதலையும் உணர்த்திற்று.

லாக்ரிமோஸ், கண்ணீரைக் குறிக்கும் லாக்ரிமா என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. அதன் பழைய வடிவம் டாக்ருமா. கிரேக்க டாக்ருவும் ஆங்கில டியரும் அதனோடு ஓரடிப் பிறந்தவையே. முதலில் நின்ற ஒலிப்புடை ஒலி இலத்தீனில் லகரமாயிற்று. செருமானியக் கிளையில் கிரிம் விதிப்படி ஒலிப்பிலா ஒலியாயிற்று. உடன்பிறந்தும் ஒன்று இல்லத்தில் வளர்ந்தது, மற்றொன்று ஏட்டின் வழிப் புகுந்தது. ஆதலின் லாக்ரிமோஸ் என்பதில் புலமை வாடையும், 'எப்போதும் இப்படித்தான்' என்னும் மெல்லிய எள்ளலும் கலந்துள்ளன.

மாட்லின் வரலாறு இவற்றினும் சுவையுடைத்து. இது மகதலேனா மரியாளின் பெயர்த் திரிபு; ஆக்சுபோர்டில் அப்பெயர் தாங்கிய கல்லூரியை இன்றும் மாட்லின் என்றே ஒலிப்பர். லூக்கா நற்செய்தியில் இயேசுவின் அடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயர் கூறப்படவில்லை. பிற்கால மேலைத் திருச்சபை மரபு அவளையும் மரியாளையும் ஒருத்தியாக்க, ஓவியரும் அழுது சிவந்த கண்ணினளாகவே மரியாளைத் தீட்டினர். 1592இல் தாமஸ் நாஷ் குடியர் எண்வகையினரை வகுத்தபோது, அன்பு மேலிட்டு அழும் குடியனுக்கு இப்பெயரையே இட்டார். மனமாற்றத்தின் கண்ணீர் இவ்வாறு மதுக்கடைக் கண்ணீராயிற்று. இன்று குடியின்றியும், தன்னிரக்கத்தில் திளைக்கும் மிகையுணர்ச்சியை அச்சொல் இகழும்.

தொல்காப்பியர் அழுகையை இளிவு, இழவு, அசைவு, வறுமை எனத் தோன்றும் களன் நோக்கி வகுத்தார். இங்கோ காண்பாரின் நோக்கே பொருளை வகுக்கின்றது. டியர்ஃபுல் என்பதற்குக் 'கண்கலங்கிய' என்பதும், வீப்பிக்கு 'அழுகை முட்டிய' என்பதும் பொருந்தும். லாக்ரிமோஸ் மனிதரைக் குறிப்பின் 'ஓயாது கண்ணீர் உகுக்கும்' எனலாம். மாட்லினுக்கு 'அழுமூஞ்சி' என்பாருடன் யாம் உடன்படோம். அது குழந்தையைக் கடியும் சொல், குடியனின் பொய்யுருக்கம் அதில் இல்லை. அவ்விடத்து 'அழுது வழியும்' என்பதே சற்று நெருங்கி வருகின்றது.