ரசிகர் பிடித்த கச்சேரி



பாலக்கோட்டில் திருவிழா மேடையில் இன்னிசைக் கச்சேரி களைகட்டினால் கூட்டத்தில் கைப்பேசிகள் உயர்ந்துவிடும். ஆசை பழையதுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கின் நூலகர் லயனல் மேபிள்சன், 1901 முதல் 1903 வரை மேடைப் பாட்டை மெழுகு உருளைகளில் பிடித்து வைத்தார். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே, இரைச்சலும் அதிகம். ஆனாலும் இன்று அவை பொக்கிஷம்.

நம் சபா ரசிகர்களின் கையில் இருந்தது ஸ்பூல் டேப். ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா இருக்கும். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் ஒரு பக்கம் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பல்லவி சூடுபிடிக்கும் நேரத்தில் சுருளைத் திருப்புவது என்ன பாடு! வேகத்தைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிக்கும். நாதத்தின் மெருகு போய்விடும்.

2009 ஆகஸ்ட் 23 அன்று பிராக் நகரில் பாடிய ஆங்கிலேயக் குழு ரேடியோஹெட், ரசிகர்கள் பல கோணங்களில் எடுத்த படத்துக்குத் தன் ஒலிப்பதிவையே கொடுத்து உதவியது. 2010-ல் அது இலவசமாக வெளியானது. எல்லாக் கலைஞர்களும் இப்படித் தாராளமாக இருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, சொந்தமாகக் கேட்கப் பதிவு செய்வது கலைஞரின் உரிமையை மீறுவதாகாது. விற்பதற்கு அந்தச் சலுகை இல்லை.

பதிவு செய்பவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியை விட்டுச் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். அருகில் நின்றால் டிரம்ஸ் ஒலி உடைந்து கரகரக்கும்.