தானுந்து எண்ணெய் வடிகட்டியும் எண்ணெய் மாற்று இடைவெளியும்

எண்ணெய் வடிகட்டி என்பது தானுந்தின் எஞ்சினுக்குள் சுற்றிவரும் மசகு எண்ணெயிலிருந்து உலோகத் துகள், தூசி, கரித்திரள் முதலிய திண்மப் பொருட்களைப் பிரித்து நிறுத்தும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஆயில் ஃபில்டர் எனப்படுகிறது. எண்ணெயும் வடிகட்டியும் அவ்வப்போது மாற்றப்பட வேண்டியவை. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவு அல்லது காலம் எண்ணெய் மாற்று இடைவெளி எனப்படும். இந்த இடைவெளி பெரும்பாலும் கிலோமீட்டரில் சொல்லப்பட்டாலும், எண்ணெயின் ஆயுளை ஓடிய தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. எஞ்சின் எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, ஒவ்வொரு முறையும் போதிய அளவு சூடேறியதா என்பனவும் அதே அளவு முதன்மையானவை. இதனால், நன்கு துடைத்துக் கொட்டகையில் நிறுத்தி, வாரத்தில் சில நாள் மட்டும் கடைத்தெருவரை எடுக்கப்படும் தானுந்தின் எண்ணெய், நாள் முழுவதும் ஓடும் வாடகைத் தானுந்தின் எண்ணெயைவிடக் குறைந்த கிலோமீட்டரிலேயே கெட்டுப்போகக் கூடும்.

எண்ணெய் கெடும் விதம்

எஞ்சின் எண்ணெய்க்கு உராய்வைக் குறைப்பதோடு வேறு வேலைகளும் உண்டு. அது பிஸ்டனின் வெப்பத்தைக் கடத்துகிறது. பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள நுண்ணிய வெளியை அடைக்கிறது. அழுக்கைத் தன்னுள் மிதக்க வைத்துச் சுமந்து வருகிறது. இவ்வேலைகளுக்காக அதில் அழுக்கு நீக்கிகள், அமிலத்தை நடுநிலையாக்கும் காரப் பொருட்கள், துத்தநாகமும் பாசுபரசும் அடங்கிய தேய்மானத் தடுப்பான்கள் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. எண்ணெய் தீர்ந்துபோகாமல் இருந்தாலும் இச்சேர்பொருட்கள் தீர்ந்துபோகின்றன. மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இங்கிருந்தே எழுகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. இதன் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஆயினும் எரிந்த வளிமத்தில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதிலுள்ள நீராவி எண்ணெய்த் தொட்டியின் சுவரில் நீராகப் படியும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகச் செலுத்தப்படும் பெட்ரோலும் முழுமையாக ஆவியாகாமல் எண்ணெயில் கலக்கும். நெடுந்தொலைவு ஓடி எண்ணெய் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது நீரும், பெட்ரோலின் பெரும்பகுதியும் ஆவியாகி வெளியேறும். மூன்று, நான்கு கிலோமீட்டரில் எஞ்சினை நிறுத்திவிட்டால் அவை உள்ளேயே தங்கி, எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து, அமிலங்கள் உருவாக வழிவகுக்கும்.

இந்த நீரையும், பெட்ரோலையும், அமிலத்தையும் எந்த வடிகட்டியாலும் பிரிக்க இயலாது என்பது இங்கே கருதத்தக்கது. வடிகட்டி திண்மத் துகள்களை மட்டுமே பிடிக்கும். அவற்றிலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கரித்துகள் அதன் வழியே தடையின்றிச் செல்லும். விலையுயர்ந்த வடிகட்டியைப் பொருத்திவிட்டு எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடும் வழக்கம் பயனற்றது என்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் வடிகட்டி இருக்கவில்லை. எண்ணெய்க் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை இருந்தால் அதுவே பெரிது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எர்னெஸ்ட் சுவீட்லாந்து, ஜார்ஜ் கிரீன்ஹால்க் ஆகியோர் பியூரோலேட்டர் எனப் பெயரிட்ட வடிகட்டியை உருவாக்கினர். 1924இல் வெளிவந்த கிறைஸ்லர் தானுந்தில் எண்ணெய் வடிகட்டி இடம்பெற்றது. அக்கால வடிகட்டிகள் எண்ணெய் ஓட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் தனி வழியில் இழுத்து வடிகட்டின. தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முழுவோட்ட முறை பின்னரே பரவலானது. 1954இல் விக்ஸ் நிறுவனம் உறையோடு சேர்த்துத் திருகிப் பொருத்தும் வடிகட்டியை அறிமுகப்படுத்தியது. கையால் கழற்றி எறியக்கூடிய இந்த உருளை வடிவமே இன்றும் பல தானுந்துகளில் காணப்படுகிறது. நிலையான கூட்டுக்குள் தாள் உட்பகுதியை மட்டும் மாற்றும் பழைய முறையும் பிற்காலத்தில் பல ஐரோப்பிய, சப்பானியத் தயாரிப்புகளில் மீண்டு வந்துள்ளது. எறியவேண்டிய இரும்பு குறையும் என்பது இதன் நன்மை.

அமைப்பும் தேர்வும்

திருகு வடிகட்டியை அறுத்துப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக அமைந்த வடிதாள், அதன் நடுவே துளையுள்ள குழாய், இரண்டு சிறு வால்வுகள், எஞ்சினோடு ஒட்டும் ரப்பர் வளையம் ஆகியவை தென்படும். வடிதாள் செல்லுலோசாலோ செயற்கை இழையாலோ இரண்டும் கலந்தோ செய்யப்படுகிறது. செல்லுலோசு மலிவானது. செயற்கை இழை நுண்மையானதும் சீரானதுமாகையால், ஓட்டத்தை அதிகம் தடுக்காமல் சிறு துகள்களைப் பிடிக்கிறது. நீண்ட இடைவெளிக்கு ஏற்றது.

வடிகட்டும் திறனைக் குறிக்க விளம்பரங்களில் 'இத்தனை மைக்ரோமீட்டர் வடிகட்டி' என்று மட்டும் எழுதுவது பொருளற்றது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். எந்த வடிகட்டியும் 20 மைக்ரோமீட்டர்த் துகள்களில் சிலவற்றையாவது பிடிக்கும். எத்தனை விழுக்காடு என்பதே கேள்வி. இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்னும் பன்னாட்டுச் சோதனை முறை உள்ளது. வடிகட்டிக்கு முன்னால் குறிப்பிட்ட அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 75 இருந்து, அதைக் கடந்தபின் ஒன்று மட்டும் எஞ்சினால் அதன் பீட்டா விகிதம் 75, அதாவது 98.7 விழுக்காடு. விகிதம் 2 என்றால் பாதித் துகள்கள் தப்பிவிடுகின்றன. உறையின்மீது இவ்வாறு அளவையும் விழுக்காட்டையும் சேர்த்துச் சொல்லும் தயாரிப்பை நம்பலாம்.

துகளின் அளவு ஏன் இவ்வளவு முதன்மை பெறுகிறது? ஓடும் எஞ்சினின் தாங்கிகளில் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்களே. அந்த இடைவெளிக்குள் நுழையுமளவு சிறிதாகவும், இரு பரப்புகளையும் ஒருசேரத் தொடுமளவு பெரிதாகவும் உள்ள துகளே மிகுந்த தேய்மானத்தை உண்டாக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டேவிட் ஸ்டேலி 1988இல் வெளியிட்ட ஆய்வில், 40 மைக்ரோமீட்டர் வடிகட்டியோடு ஒப்பிட 30 மைக்ரோமீட்டர் வடிகட்டியால் தேய்மானம் 50 விழுக்காடும், 15 மைக்ரோமீட்டர் வடிகட்டியால் 70 விழுக்காடும் குறைந்தன. வடிகட்டி விற்போர் இந்த எண்களை விரும்பி எடுத்தாள்வர். ஆனால் அச்சோதனையில் தேய்மானத்தை விரைவுபடுத்தத் தூசி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. காற்று வடிகட்டி சரியாக உள்ள ஓர் எஞ்சினுக்குள் அவ்வளவு தூசி நுழைவதில்லை. கிழிந்த காற்று வடிகட்டியை அப்படியே விட்டுவிட்டு, மிகச் சிறந்த எண்ணெய் வடிகட்டியைத் தேடி அலைவதில் பொருளில்லை.

வால்வுகளைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. உண்மையில் தவறான வடிகட்டியால் வரும் கேடுகள் பலவும் இவற்றால் வருபவையே. முதலாவது மாற்றுவழி வால்வு. வடிதாள் அடைபட்டாலோ, குளிர்ந்த எண்ணெய் தடித்திருந்தாலோ, தாளின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு உயரும். அது ஏறத்தாழ 0.6 முதல் 1.5 பார் வரையிலான ஒரு குறித்த அளவை எட்டியதும் இவ்வால்வு திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயை நேரே விடும். எண்ணெயே கிடைக்காமல் தாங்கி எரிந்துபோவதைவிட அழுக்கு எண்ணெய் மேல். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினின் உடற்பகுதியிலேயே அமைந்திருக்கும். அவற்றுக்கான வடிகட்டியில் அது இருக்காது. அத்தகைய வடிகட்டி வேறோர் எஞ்சினின் மரையில் அழகாகப் பொருந்திவிடும், ஒழுகவும் செய்யாது. அடைபடும் நாளில்தான் பிழை தெரியவரும். ஆகவே 'மரை சேர்கிறது' என்பதை மட்டும் வைத்து வடிகட்டி வாங்கலாகாது.

இரண்டாவது, எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் வடிகட்டிகளுக்கு இது இன்றியமையாதது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு, மூன்று நொடி கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கினால் இம்மடல் விறைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்தில் நைட்ரைல் ரப்பரைவிடச் சிலிக்கோன் நெடுநாள் மென்மையாக இருக்கும். நாள்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் தானுந்துக்குச் சிலிக்கோன் மடல் உள்ள வடிகட்டியைத் தேர்வது, வடிதாளின் நுண்மையைப் பற்றி வாதிடுவதைவிடப் பயனுடையது.

பெரும்பாலோருக்குத் தானுந்து நிறுவனத்தின் பெயரிலேயே வரும் வடிகட்டி போதுமானது. அதைப் போலியாகச் செய்து விற்பதும் நடப்பதால், தெரிந்த கடையில் வாங்குவது நன்று.

இடைவெளியைத் தீர்மானித்தல்

அமெரிக்காவில் நெடுங்காலம் 3,000 மைல், அதாவது ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர், என்பது மாற்றவொண்ணா விதிபோல் கருதப்பட்டது. இந்தியாவில் பல பெட்ரோல் தானுந்துகளின் கையேடுகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்கின்றன. ஐரோப்பாவில் போக்சுவாகன் நிறுவனத்தின் நீள் இடைவெளித் திட்டம், அதற்கென வகுத்த எண்ணெயைப் பயன்படுத்தினால், 30,000 கிலோமீட்டர் அல்லது ஈராண்டு வரை செல்லும். ஒரே வகை எஞ்சினுக்கு இத்தனை வேறுபாடு எப்படி என்று கேட்கலாம். எண்ணெயின் தரம், தொட்டியின் கொள்ளளவு, எரிபொருளின் கந்தக அளவு, ஓட்டும் முறை எனக் காரணங்கள் பல.

கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1996இல் வெளியிட்ட ஒரு சோதனை இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நியூயார்க் நகரின் 75 வாடகைத் தானுந்துகள் தலா 60,000 மைல் ஓட்டப்பட்டு, எஞ்சின்கள் பிரித்து அளக்கப்பட்டன. 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியவற்றுக்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தேய்மான வேறுபாடு இல்லை. இதிலிருந்து எல்லோரும் இடைவெளியை இரட்டிப்பாக்கலாம் என்று முடிவுகட்டுவது பிழை. வாடகைத் தானுந்தின் எஞ்சின் குளிர்வதே அரிது. அதன் எண்ணெயில் நீரும் பெட்ரோலும் தங்குவதில்லை.

ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் இரு தானுந்துகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நான்கு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ள அலுவலகத்துக்கும் சந்தைக்கும் மட்டும் போகிறது. அது ஆண்டில் 1,000 முறை கிளப்பப்படுகிறது. மற்றொன்று சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்ல மட்டும் எடுக்கப்படுகிறது. ஒரு வழி 460 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஒன்பது பயணங்கள். வழியில் நிறுத்துவதைச் சேர்த்தாலும் 40 முறைக்குமேல் கிளப்ப வேண்டியதில்லை. இரண்டின் கிலோமீட்டர் காட்டியிலும் ஒரே எண். எண்ணெயின் நிலையோ முற்றிலும் வேறு. முதலாவதற்கு ஓராண்டு வரம்பைத் தாண்டக்கூடாது; ஆறு மாதத்தில் மாற்றினாலும் வீண் என்று சொல்ல இயலாது. கையேடுகளில் 'கடும் பயன்பாடு' என்ற தலைப்பின்கீழ் தூசி நிறைந்த சாலை, பாரம் இழுத்தல், நெரிசலில் நின்று நின்று செல்லல் ஆகியவற்றோடு குறுந்தொலைவுப் பயணமும் சேர்க்கப்பட்டிருப்பதை உரிமையாளர்கள் கவனிப்பதில்லை. தம் தானுந்தை மென்மையாகவே ஓட்டுவதாக நம்புவோருக்கு அத்தலைப்பு தமக்குரியதாகத் தோன்றாது போலும்.

துகள் வடிகட்டி பொருத்திய புதிய டீசல் தானுந்துகளில் (இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பின் வந்தவை) இன்னொரு சிக்கல் உண்டு. புகைவழியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகப் பல எஞ்சின்களில் கூடுதல் டீசல் தெளிக்கப்படுகிறது. நகருக்குள்ளேயே ஓடி இவ்வெரிப்பு பாதியில் நின்றுபோனால் டீசல் எண்ணெயில் இறங்கும். அளவுக் குச்சியில் எண்ணெய் கூடியிருப்பது நற்செய்தி அன்று.

எண்ணெயின் நிறத்தைக் கொண்டு அதன் தரத்தை அறிய முடியாது. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெயும் சில நாளில் கறுத்துவிடும். அழுக்கைச் சுமப்பது அதன் கடமை. விரலிடையே தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் மெக்கானிக்கின் முறைக்கும் அறிவியல் அடிப்படை இல்லை. ஆய்வகத்தில் இரும்பு, சிலிக்கான், எஞ்சியுள்ள காரத்தன்மை, கலந்துள்ள எரிபொருள் ஆகியவற்றை அளப்பதே உறுதியான வழி. சிலிக்கான் உயர்ந்திருந்தால் காற்று வடிகட்டியின் வழியே மண்தூசி நுழைகிறதா என்று ஐயுறலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1988ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் தானுந்துகளில் எண்ணெய் ஆயுள் காட்டியை அறிமுகப்படுத்தியது. இதன் உருவாக்கத்தில் சர்லி சுவார்ட்ஸ் என்னும் வேதியியலாளருக்குப் பெரும்பங்கு உண்டு. இது எண்ணெயைத் தொட்டுச் சோதிப்பதில்லை. எஞ்சினின் சுழற்சிகளை எண்ணி, வெப்பநிலைக்கு ஏற்பத் தண்டம் சேர்த்துக் கணக்கிடுகிறது. மிகு வெப்பத்துக்கும் தண்டம் உண்டு, குளிர்ந்த ஓட்டத்துக்கும் உண்டு. எண்ணெய் மாற்றியபின் காட்டியை மீட்டமைக்க மறந்தால் கணக்குப் பிழையாகும்.

மாற்றும்போது

எஞ்சின் வெதுவெதுப்பாக உள்ளபோது எண்ணெயை வடிப்பது எளிது. பழைய வடிகட்டியைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேலேயே புதியதைப் பொருத்தினால் அழுத்தத்தில் வளையங்கள் பிதுங்கி, எண்ணெய் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடக் கூடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே ஏறத்தாழ முக்கால் சுற்றுத் திருகினால் போதும். இறுக்குவதற்குக் கருவி வேண்டாம். பின்னர் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒழுக்கையும் எண்ணெயின் அளவையும் சரிபார்க்க வேண்டும். புதிய வடிகட்டியும் எண்ணெயை உட்கொள்வதால் அளவு சற்றுக் குறைந்திருக்கும்.

பயன்படுத்திய எண்ணெய் இந்தியாவின் 2016ஆம் ஆண்டுக் கேடுதரும் கழிவு விதிகளின்கீழ் வருகிறது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கலத்தில் சேர்த்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பணிமனையிடம் கொடுக்க வேண்டும். வடிகட்டியையும் கவிழ்த்துவைத்து முழுவதும் வடித்தபின் அதனுடன் சேர்க்கலாம்.