எண்ணெய்ப் போத்தலில் எந்த எண்ணைப் பார்ப்பது?

"டொக்டர், தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் கொலஸ்ட்ரோல் இல்லை என்று போட்டிருக்கிறதே, பாவிக்கலாம்தானே?" என்று கெல்லிவில்லில் பலர் கேட்கிறார்கள்.

வித்துகளின் கொழுப்பை ஆய்வுகூடத்தில் இரண்டு படியாக அளப்பார்கள். முதலில், அரைத்த வித்தின் மீது ஹெக்ஸேன் போன்ற கரைப்பானைத் திரும்பத் திரும்ப விழவிட்டு எண்ணெயைப் பிரிப்பார்கள். 1879இல் ஜெர்மனியில் சொக்ஸ்லெட் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் எண்ணெயை நிறுத்தால் மொத்தக் கொழுப்பு தெரியும். அடுத்து, காஸ் குரோமட்டோகிராஃபி மூலம் அதிலுள்ள கொழுப்பமிலங்களை வகை பிரிப்பார்கள்.

இரண்டாவது அளவுதான் முக்கியம். நிரம்பிய கொழுப்பு தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம், நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15 சதவீதம். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரோல் இல்லாவிட்டாலும், இந்த நிரம்பிய கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும்.

எனவே கடையில் லேபிளில் 'சச்சுரேட்டட்' என்ற வரியைப் பாருங்கள். நாளாந்தச் சமையலுக்கு நல்லெண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெயை எப்போதாவது அளவோடு பாவியுங்கள்.