ரிசர்வில் எத்தனை கிலோமீட்டர்?

பால் கேனோடு போகும்போது பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றால், சொசைட்டி நேரம் தப்பிடும். அன்றைய காசும் போச்சு. நம் வீட்டுப் பழைய பைக்குகள் பலவற்றில் பெட்ரோல் முள் கிடையாது. வண்டியை ஆட்டிச் சத்தம் கேட்பதுதான் நம் கணக்கு!

டேங்க்கின் அடியில் உள்ள டேப்பில் இரண்டு வழி உண்டு. மெயின் குழாய் உயரமானது. பெட்ரோல் அதற்குக் கீழே இறங்கினால் வண்டி திணறும். ரிசர்வில் போட்டால் அடியில் கிடப்பது வரும்.

அது எவ்வளவு என்று நாமே அளக்கலாம். குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையில்லை. டேங்க்கை நிரப்பி, மீட்டர் எண்ணை நோட்டில் குறியுங்கள். (மீட்டர் கேபிள் அறுந்திருந்தால் முதலில் அதை மாத்துங்க.) மெயினில் ஓட்டி, திணறியதும் ரிசர்வில் போட்டு, பக்கத்துப் பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். 10 லிட்டர் டேங்க்கில் 8.5 லிட்டர் பிடித்து, ஓடியது 425 கி.மீ. என்றால் லிட்டருக்கு 50 கி.மீ. ரிசர்வ் 1.5 லிட்டர், அதாவது 75 கி.மீ. ஆனால் அதை முழுசா நம்பாதீங்க. மூட்டை ஏற்றினால் குறையும். அடியில் கொஞ்சம் வராமலும் நிற்கும். நாங்கள் 50 கி.மீ. என்றே வைத்துக்கொள்கிறோம்.

நிரப்பியதும் டேப்பை மெயினுக்குத் திருப்புங்கள். ரிசர்விலேயே விட்டால் அடுத்த தடவை திணறி, திருப்பிப் போட மிச்சமே இருக்காது. மகன் ஓட்டிவிட்டு வந்து சாவி கொடுத்தால், முதலில் டேப்பைப் பாருங்க.